ஆயிரத்தில் ஒருவன்: 2010இல் வன்னியில் பார்த்த ஆட்கள் இங்கே இருக்கிறீர்களா?

பாலைப்பழம்:

வணக்கம். நான் முள்ளியவளை, இப்போது யாழ்ப்பாணத்தில் படிக்கிறேன். போன கிழமை விடுதி அறையில் நாலு பேர் சேர்ந்து மடிக்கணினியில் ஆயிரத்தில் ஒருவன் பார்த்தோம். எம்ஜிஆர் படம் இல்லை, அது 1965. இது செல்வராகவன் எடுத்தது, காணாமல் போன சோழச் சனத்தைத் தேடி ஒரு கூட்டம் போகிற சாகசக் கதை. கார்த்தி, ரீமா சென், ஆண்ட்ரியா, பார்த்திபன். 2010 தைப்பொங்கலுக்கு வந்த படம். பார்த்து முடிய இரவு ஒன்றரை மணி. ஒருத்தி அழுதாள், ஒருத்தி இடையிலேயே நித்திரை, மற்றவள் "இவ்வளவு இரத்தம் எதுக்கு" என்று ஏசினாள். நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

அடுத்த நாள் யூரியூப்பில் தேடினால் எல்லாரும் ஒரே பல்லவி பாடுகிறார்கள். காலத்தை முந்திய படமாம், அன்றைக்குச் சனத்துக்கு விளங்கவில்லையாம், இன்றைக்குத்தான் அருமை தெரிகிறதாம். கடைசியில் வருகிற சோழச் சனத்தின் கதை எங்களுடைய கதைதான் என்றும் கனபேர் சொல்கிறார்கள். சொல்கிற ஆட்கள் சென்னையில் இருக்கிறார்கள், அல்லது ரொறன்ரோவில். இங்கே இருக்கிற ஒருவரும் ஒன்றும் சொன்னதாகக் காணவில்லை.

அம்மாவிடம் போனில் கேட்டேன். "பாதி பார்த்தது, மிச்சம் பார்க்கேல்லை" என்றா. ஏன் என்று கேட்டால், "உலை கொதிக்குது, வை, பிறகு கதைப்பம்." அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. படம் வந்தபோது எனக்கு ஏழு வயது, ஒன்றும் ஞாபகம் இல்லை.

அதனால் கேட்கிறேன். 2009இல் சண்டை முடிந்து முகாமில் இருந்து ஊருக்கு வந்த புதிதில் இந்தப் படத்தை வன்னியில் பார்த்த அண்ணாமார், அக்காமார் யாராவது இருந்தால், அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது? இப்போது யோசித்துச் சொல்வதை விட அப்போது சொன்னதுதான் வேண்டும்.

முறிகண்டிக் கச்சான்:

நான் அப்போது வவுனியா ரவுணில் இருந்தேன், வன்னிக் கணக்கில் சேர்ப்பீர்களோ தெரியாது. தியேட்டரில் பார்த்தேன். பாட்டுக்கு விசில், ரீமா சென் வந்தால் விசில், பிற்பாதியில் சத்தமே இல்லை. வெளியே வந்து கச்சான் வாங்கித் தின்றுகொண்டு, "என்னடா இது" என்று ஒருத்தனை ஒருத்தன் பார்த்தோம், அவ்வளவுதான்.

தங்கச்சி, படம் ஏன் தோல்வி என்று பெயர் வாங்கியது என்பதற்கு ஒரு பகிடியான காரணமும் இருக்கிறது. 32 கோடி செலவில் எடுத்த படம் என்றுதான் அப்போது விளம்பரம். 2021இல் செல்வராகவனே ட்விட்டரில் எழுதினார், உண்மையான செலவு 18 கோடிதானாம். பெரிய படம் என்று ஆட்களை நம்பவைக்க 32 என்று சொல்லிவிட்டோம், போட்ட காசு திரும்பி வந்தும் 32ஓடு ஒப்பிட்டுச் சுமார் என்று சொல்லிவிட்டார்கள், என்ன முட்டாள்தனம் என்று தன்னையே திட்டியிருந்தார். பொய்க்கணக்குக் காட்டி அந்தக் கணக்கிலேயே தோற்ற ஆள்! தெலுங்கில் யுகானிக்கி ஒக்கடு என்று போய் நன்றாக ஓடியது. அங்கே யாரும் சோழன், பாண்டியன் என்று மண்டையை உடைக்கவில்லை, சாகசப் படமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பழைய சீடிக்கடை:

தங்கச்சி, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. 2010 ஆவணியில் கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட ஏ9 ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில் போட்டுச் சீடிக்கடை வைத்திருந்தேன். மேலே தகரம், பக்கத்துக்குத் தறப்பாள். கரண்ட் இல்லை. பக்கத்துச் சலூன்காரரும் நானும் சேர்ந்து ஒரு சின்ன ஜெனரேற்றர் பிடித்து, பெற்றோல் காசைப் பாதிபாதி போட்டோம். அவர் மெசினால் தலைமயிர் வெட்டினால் என் ரிவி ஒருக்கா மங்கி எழும்பும்.

படம் வாடகைக்குக் கொடுக்கிறது என்றால் பிணைக்கு அடையாள அட்டை வாங்குவதுதான் வழக்கம். ஆனால் அப்போது வந்த ஆட்களில் கனபேருக்கு அடையாள அட்டையே இல்லை. எல்லாம் அங்கேயே போய்விட்டது. அதனால் ஒரு சிஆர் கொப்பியில், அதாவது பெரிய எழுதுகொப்பியில், பெயரும் ஊரும் எழுதுவேன், சிலருக்கு நிவாரண அட்டை இலக்கம். நாள் வாடகை 30 ரூபாய். ஒரு வீட்டில் ரிவி இருந்தால் அந்த ஒழுங்கை முழுக்க அங்கேதான். முற்றத்தில் பாய் விரித்து இருபது பேர், ஆளுக்கு இருபது ரூபாய் பெற்றோல் காசு. அந்தக் கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. கறையான் அரித்தது போக மிச்சம்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்களிடம் டிவிடி பிளேயர் குறைவு, கூட இருந்தது சீனாவில் செய்த மலிவு விசிடி பிளேயர்தான். விசிடித் தட்டு ஒன்றில் ஒன்றேகால் மணித்தியாலப் படம்தான் பிடிக்கும். மற்றப் படங்கள் இரண்டு தட்டில் முடியும். இது மூன்று மணித்தியாலப் படம், ஆகவே மூன்று தட்டு. (தமிழ்நாட்டில் தியேட்டரில் ஓடத் தொடங்கிய பிறகு நீளம் கூட என்று வெட்டினார்கள். எனக்கு வவுனியாவிலிருந்து வந்தது வெட்டாத கொப்பி. யார் பதிந்தது என்று கேட்காதீர்கள்.)

முதல் தட்டில் கப்பல், கடலில் வருகிற பிராணிகள், காட்டாட்கள் துரத்துவது. இரண்டாம் தட்டில் நடராசர் நிழல், பாழடைந்த நகரம், சோழ ராசாவாகப் பார்த்திபன், பசியில் கிடக்கிற சனம். மூன்றாம் தட்டு அரை மணித்தியாலம் கொஞ்சம் கூட. சண்டை, பிறகு முடிவு.

திரும்பி வருகிற தட்டை நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன், கீறல் இருந்தால் 10 ரூபாய் கூட. முதல் தட்டு இரண்டு மாதத்தில் கீறிக் கிழிந்துவிட்டது. "உன் மேல ஆசதான்" பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, அந்த இடத்தில் ஒரு வட்டமே விழுந்திருந்தது. நான் மூன்று தடவை புதுக்கொப்பி அடித்தேன். இரண்டாவது தட்டு அரைவாசிப் பழசு. மூன்றாவது தட்டு, கடையை மூடுகிற நாள் வரைக்கும் முகம் பார்க்கலாம் போல இருந்தது. ஒரே தட்டுத்தான், மாற்றவே இல்லை.

உங்கள் அம்மா பாதி பார்த்தது என்று சொன்னா அல்லவா. தனியே அவ மட்டும் இல்லை.

என்ன சொன்னார்கள் என்று கேட்டீர்கள். தட்டைக் கொண்டுவந்து தருகிற நேரம் கடை வாசலில் ஒரு நிமிசம் கதைப்பார்கள் அல்லவா, அதில் ஞாபகம் இருப்பதை எழுதுகிறேன். காவியம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்த வருசம் நான் வாடகைக்கு விட்டதில் பையாவும் சிங்கமும்தான் முன்னுக்கு. தம்பியும் தமையனும் என் கடை வாடகையைக் கட்டினார்கள். அதே கார்த்தியின் இந்தப் படத்தைக் கேட்டு வந்தது பெடியள். கொண்டுபோய்ப் பார்த்தது வீட்டில் எல்லாரும்.

ஒன்று மொழி. தமிழ்நாட்டு விமர்சனங்களில் அப்போது பெரிய குறை, பிற்பாதியில் சோழர் கதைக்கிற தமிழ் விளங்கவில்லை என்பது. இங்கே அப்படி ஒருத்தரும் சொல்லவில்லை. "கோயில் பிரசங்கம் மாதிரிக் கதைக்கினம்" என்று ஒரு ஐயா சொன்னார், அவ்வளவுதான். விளங்காதது முதல் பாதி! கார்த்தி கதைக்கிற மெட்ராஸ் தமிழ். "தம்பி, அவன் என்ன சொல்லுறான் எண்டு கீழ எழுத்துப் போடுற தட்டு இருக்கோ" என்று உண்மையாகவே ஒருவர் கேட்டார்.

இரண்டாவது, சுமை. அந்தப் படத்தில் கார்த்தி கூலியாட்களுக்குத் தலைவன். மூட்டை தூக்கிக்கொண்டு பட்டாளத்துக்குப் பின்னால் போகிற சனம். சென்னை விமர்சனங்களில் இந்தக் கூலியாட்களைப் பற்றி ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. என் கடைக்கு வந்தவர்கள் கூடக் கதைத்தது அவர்களைப் பற்றித்தான். தர்மபுரத்து அண்ணை ஒருவர், லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு மெசின் ஓடுகிறவர், வாசலில் நின்று எனக்குப் பாடமே எடுத்தார். ஓடுகிறவன் மூட்டையைக் கடைசி வரைக்கும் வைத்திருக்க மாட்டானாம், ஒவ்வொன்றாகக் கழன்று போகுமாம். முதல் தையல் மெசின், பிறகு பெரிய பானை, பிறகு உடுப்புப் பை, கடைசியில் ஒரு சோப்பிங் பையில் காணி உறுதியும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும். "இந்தப் படத்தில அவங்கள் எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள். எடுத்தவன் ஒரு நாளும் ஓடேல்லை" என்றார். சாகசப் படத்துக்கு இதைவிடத் திறமான விமர்சனம் நான் எங்கும் வாசிக்கவில்லை.

மூன்றாவது, பசி. பார்த்திபன் வருகிற இடம். கறுத்து மெலிந்த சனம் கையை நீட்டிக்கொண்டு சாப்பாட்டுக்குக் கத்துகிறது, ஒன்றை ஒன்று தள்ளுகிறது. விமர்சகர்கள் இதைக் கோரம் என்று எழுதினார்கள், இப்போது இதே இடத்தைத்தான் ஆகா என்கிறார்கள். எங்கள் மாமி ஒருத்தி தட்டைத் தந்துவிட்டுச் சொன்னது வேறு. "பசி கூடினால் சத்தம் வராது தம்பி. கஞ்சிக்கு வரிசையில நிண்ட சனம் கதைக்கவே இல்லை. பிள்ளையள் கூட அழேல்லை." அதைச் சொல்லிவிட்டு அடுத்த படம் என்ன இருக்கிறது என்று கேட்டா.

ஆகவே, "அன்றைக்குச் சனத்துக்கு விளங்கவில்லை" என்று யூரியூப்பில் சொன்னால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். எங்கள் சனத்துக்கு நன்றாகவே விளங்கியது, சரி பிழையும் பார்த்தார்கள். நட்சத்திரம் போட்டு எழுத இடம் இல்லை, அவ்வளவுதான்.

குளக்கட்டு:

அண்ணை எழுதியது வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் கொஞ்சம் தண்ணி தெளிக்கப் போகிறேன், கோவிக்க வேண்டாம்.

முதலாவது, அந்தப் படத்துக்கு 2007இல் படப்பிடிப்பு தொடங்கிவிட்டது. பருத்திவீரன் முடித்த கையோடு கார்த்தி ஒப்பந்தமான படம். இழுபட்டு இழுபட்டு மூன்று வருசம் கழித்து வந்தது. 2009ஐப் பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதிய கதை என்பது போல இப்போது வீடியோ போடுகிறார்கள். எடுத்தவர் மனதில் என்ன இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். நாங்கள் ஏன் அவசரப்பட்டு "எங்கள் கதை" என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும்?

இரண்டாவது, சோழர் எப்போது எங்களுடைய ஆட்கள் ஆனார்கள்? 993இல் இராசராசன் படை வந்து அநுராதபுரத்தை அழித்துப் பொலனறுவையில் ஆட்சி வைத்தது. மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் மாற்றினார்கள். 1070இல் சிங்கள மன்னன் விசயபாகு துரத்தும் வரைக்கும் இருந்தார்கள். அவர்கள் இங்கே வந்த படை. வன்னிக்கு ராசா வேண்டும் என்றால் பண்டாரவன்னியன் இருக்கிறான், அவனை வைத்து ஒருத்தனும் கோடிக்கணக்கில் படம் எடுக்கவில்லை. பொன்னியின் செல்வன் 2022இல் வந்தபோதும் இதே கூத்து. இலங்கைக் காட்சிகளைத் தாய்லாந்தில் எடுத்திருந்தார்கள். வவுனியாவில் பஸ் ஏறினால் அநுராதபுரம் ஒன்றரை மணித்தியாலம். எங்கள் வீட்டில் எல்லாரும் "இது எங்க கிடக்கு இந்த யானையும் ஆறும்" என்றுதான் பார்த்தார்கள். ஆனாலும் பார்த்துவிட்டுச் சோழப் பெருமை!

மூன்றாவது, படமாகவே பார்த்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை. காட்டாட்களைக் காட்டியிருக்கிற விதம் அசிங்கம். பசித்த சனத்துக்குக் கரி பூசி விட்டிருக்கிறார்கள். கணினி வரைகலை அந்தக் காலத்துக்கே சுமார். ராம்ஜியின் கமரா, சந்தானத்தின் கலை, ஜி. வி. பிரகாசின் பாட்டு, இந்த மூன்றும் இல்லாவிட்டால் படம் அரைவாசியில் கவிழ்ந்திருக்கும். அந்த நடராசர் நிழல் ஒன்று மட்டும், சூரியன் சாய்கிற நேரம் புதைமணலில் நிழல் நீண்டு கூத்தாடுகிற உருவமாக வர, அந்த நிழலை விட்டுக் கால் வெளியே போகாமல் ஓடுகிறார்கள் பாருங்கள், அதற்குக் கையெடுக்கலாம். அதுபோல இன்னும் நாலு இருந்திருந்தால் நானும் காவியம் என்று சொல்லியிருப்பேன்.

பழைய சீடிக்கடை:

குளக்கட்டுத் தம்பி, கோபம் இல்லை. நீங்கள் சொன்ன சரித்திரம் சரி. நான் எங்கேயும் அது எங்கள் கதை என்று எழுதவில்லை, மேலே போய்ப் பாருங்கள். கடைக்கு வந்தவர்களும் சோழன் என்ற சொல்லைச் சொன்னதாக ஞாபகம் இல்லை. "அந்தச் சனம்" என்பார்கள். சரித்திரத்தில் அவர்கள் யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஒரு சனம் அடைபட்டுக் கிடக்கிறது, தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகத் தூதுவன் ஒருவன் வருவான் என்று பார்த்துக்கொண்டு இருக்கிறது, வந்தது வேறு ஆட்கள். அதைத்தான் பார்த்தார்கள். 2007இல் எழுதினாலும் 1907இல் எழுதினாலும் தட்டு எங்கள் கைக்கு வந்தது 2010இல். அதற்கு அந்த இயக்குநர் பொறுப்பு இல்லை, நாங்களும் இல்லை.

காட்டாட்கள் விசயத்தில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். கரி பூசியதிலும்தான். நடராசர் நிழல்... அந்த இடத்தில் பெடியள் எல்லாம் எழும்பி நின்றுவிடுவார்களாம், பாயில் இருக்கிறவர்கள் மறைக்குது என்று கத்துவார்களாம். முற்றத்தில் அடுத்த நாள் அந்த விளையாட்டு. பின்னேரம் பனையின் நிழல் விழ, நிழலுக்கு வெளியே கால் வைத்தவன் செத்தான். என் மகனே விளையாடினான்.

ஆனையிறவு உப்பு:

நான் வழக்கமாக இங்கே எழுதுவதில்லை, வாசித்துவிட்டுப் போகிற ஆள். தங்கச்சியின் கேள்வியைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் அப்போது பெரியம்மா வீட்டில் இருந்தோம், பரந்தனுக்குக் கிட்ட. மெனிக் ஃபாம் முகாமால் வந்து மூன்று மாதம் இருக்கும். அங்கே இராமநாதன் பகுதியில் எங்களுக்குப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த குடும்பமும் அன்றைக்கு வந்திருந்தது. முற்றத்தில்தான் பார்த்தோம். பெண்கள் ஒரு பதினைந்து பேர், சின்னப் பிள்ளைகள், இரண்டு மூன்று வயதான ஆண்கள். ஆண்கள் என்று எங்கள் ஒழுங்கையில் அப்போது அவ்வளவு பேர்தான்.

முதல் பாதி சிரிப்பும் பகிடியுமாகப் போனது. ரீமா சென் ஆண்களை அதட்டுகிற இடத்தில் பெரியம்மாவுக்கு நல்ல சந்தோசம். "இவள் ஆள்" என்றா. விமர்சனங்களில் எல்லாரும் அந்தப் பாத்திரத்தைப் பாராட்டியிருக்கிறார்கள், அது சரிதான். தமிழ்ப் படத்தில் ஒரு பொம்பிளைக்கு அப்படி ஒரு வேலை கொடுத்ததை நான் அதற்கு முதல் பார்த்ததில்லை.

பிறகு மூன்றாவது தட்டைப் போட்டோம். சண்டை முடிந்து, பிடிபட்ட பெண்களைப் பட்டாளம் இழுத்துக்கொண்டு போகிற இடம். அதில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நிற்பாட்டு என்றும் சொல்லவில்லை. என் அக்கா எழும்பி, "தேத்தண்ணி வைக்கட்டோ" என்று கேட்டா. எல்லாரும் ஓம் என்றார்கள். இரவு ஒன்பது மணிக்கு யாருக்குத் தேத்தண்ணி வேண்டும்? ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எழும்பிக் குசினிக்குப் போய்விட்டோம். அந்தச் சின்னக் குசினிக்குள் பத்துப் பேர், அடுப்படியில் ஒருத்தி, சீனி எங்கே என்று ஒருத்தி. முற்றத்தில் ரிவி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா கடைசியில் போய் ஜெனரேற்றரையே நிற்பாட்டினா, ரிவியை இல்லை.

படம் நல்லதா கூடாததா என்று யாரும் பிறகு கதைக்கவில்லை. அந்தக் காட்சி வேண்டும் என்று எடுத்தவருக்கு ஒரு நியாயம் இருக்கலாம். பார்க்க வேண்டிய ஆட்கள் நாங்கள் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது, இப்போதும் அப்படித்தான். 2020 கடைசி நாளில் இந்தப் படத்தைத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் திரும்பப் போட்டார்கள், அடுத்த நாள் தனுசை வைத்து இரண்டாம் பாகம் என்று அறிவித்தார்கள். பேஸ்புக் முழுக்கக் கொண்டாட்டம். நான் அதற்கு ஒரு விருப்பம் கூடப் போடவில்லை. எதிர்ப்பு என்று இல்லை. கை போகவில்லை.

தங்கச்சி, அம்மாவிடம் திரும்ப ஒருக்கா கேட்க வேண்டாம். அவவாகச் சொன்னால் கேளுங்கள்.

முறிகண்டிக் கச்சான்:

அக்கா எழுதியதற்குப் பிறகு எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தியேட்டரில் பிற்பாதியில் சத்தமே இல்லை என்று மேலே ஏதோ அலுப்பைச் சொல்வது போல எழுதிவிட்டேன். அலுப்பாக இருக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பாலைப்பழம்:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, கேட்க மாட்டேன். நேற்று வீட்டுக்குப் போனேன், கேட்கவும் இல்லை. இரவு அம்மா தானாக வந்து, "அந்தப் படத்தில கூலிக்காரன் நல்லா நடிச்சவன், ஆர் அது, சிவகுமாரின்ர மகனோ" என்றா. ஓம் என்றேன். அதோடு சரி.

சீடிக்கடை அண்ணா, ஒன்று மட்டும் கேட்கலாமா? மூன்றாவது தட்டை ஒருத்தருமே பார்க்கவில்லை என்றா சொல்கிறீர்கள்? முடிவு தெரியாமல் எப்படி விட்டார்கள்? எனக்கென்றால் நித்திரை வராது.

பழைய சீடிக்கடை:

பார்த்தவர்கள் இருந்தார்கள், தங்கச்சி. பெடியள் சண்டைக்காகப் பார்த்தார்கள். பெரிய இரும்புக்குண்டு சங்கிலியில் சுழன்று ஆட்களை நசுக்குகிற இடம் இரண்டாம் தட்டிலா மூன்றாம் தட்டிலா என்று கேட்டுக் கேட்டு வருவார்கள். மற்றவர்களைப் பற்றித்தான் சொன்னேன்.

முடிவு தெரியாமல் விட்டார்கள் என்றும் இல்லை. என்னிடம் கேட்பார்கள். நான் அந்தப் படத்தின் கடைசி அரை மணித்தியாலத்தை எத்தனை பேருக்கு வாயால் சொல்லியிருப்பேன் என்று கணக்கு இல்லை. விசுவமடுவில் இருந்து ஒரு அக்கா வருவா. சைக்கிளில்தான், பின் கரியரில் ஒரு பிள்ளை. அவ கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தா, மூன்று நாள் வாடகை 90 ரூபாய். தந்தபோது பார்த்தேன், மூன்றாவது தட்டு நான் போட்டுக்கொடுத்த பொலித்தீன் உறைக்குள்ளேயே, உறைக்கு நான் ஒட்டிய செலோரேப் கழற்றாமல் இருந்தது.

"அக்கா, இது பார்க்கேல்லையோ?"

"இல்லைத் தம்பி. அந்த ராசாவின்ர பிள்ளை இருக்கெல்லோ, அது தப்புதோ?"

"தப்புது."

"ஆர் கொண்டு போறது?"

"அந்தக் கூலிக்காரன். கார்த்தி."

கொஞ்ச நேரம் யோசித்தா. "தூக்கிக்கொண்டோ, நடத்தியோ?"

அதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு தடவை பார்த்த படம், அது ஞாபகத்தில் இல்லை. தூக்கிக்கொண்டு என்று சொன்னேன். சரி என்று 90 ரூபாயை எண்ணித் தந்தா. பிள்ளை கரியரில் இருந்தபடி சிங்கம் படத்து உறையைக் காட்டி அது வேணும் என்றது. கொடுத்தேன். இரண்டு தட்டுத்தான், விவேக் பகிடி எல்லாம் முதல் தட்டில் வரும் என்று சொல்லி அனுப்பினேன். கொப்பியில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. சிங்கம், ஒரு நாள், 30.